டைம்கீப்பரின் ஏழு கட்டம்

"அந்த சூப்புல வெண்ணெய் போடுவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி. ருசியா இருக்குமான்னு நான் கேக்கல."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பஸ் டிப்போவின் டைம்கீப்பர் அக்கா ஒரு கையால் எழுதுகிறார். இன்னொரு கை கழுத்தில் தொங்கும் விசிலைப் பிடித்திருக்கிறது. சன்னலுக்கு வெளியே பதினேழாம் நம்பர் உறுமுகிறது. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே பார்த்து இரண்டு தடவை ஊதுகிறார். ஒரு தடவை ஊதினால் நில். இரண்டு தடவை ஊதினால் கிளம்பு. பதினேழு கிளம்பிப் போகிறது. மறுமுனையில் இருக்கும் பப்காரருக்குக் காது அடைத்திருக்கும், பாவம். "என்னம்மா அது சத்தம்?" என்கிறார். "பஸ்சு. நீங்க வெண்ணெய்க்கு வாங்க."

இருபத்தெட்டு வருஷமாக இதுதான் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த டிரைவர் எந்த வண்டியில் ஏறுவார், எல்லாம் அக்கா பென்சிலால் போடும் கட்டங்களில் இருக்கிறது. ஊரையெல்லாம் ஊர் சுற்ற அனுப்பி வைத்தவர், சொந்தக் காலில் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. ஐம்பத்தாறு வயதில் இப்போது தாண்டப் போகிறார். ஏழு நாள், நான்கு ஊர். ஒரு கோட்டை, ஒரு கலங்கரை விளக்கம், கப்பல் வந்தால் திறந்து மூடும் ஒரு பாலம், பழைய கடிகாரங்களுக்கென்றே ஒரு மியூசியம். பொழுது சாய்ந்தால் பாட்டும் கூத்துமாக இருக்கிற ஒரு பப், தினம் ஒன்று.

திட்டத்தைப் பழைய டியூட்டி தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். டிப்போவில் ஸ்பேர் பஸ் இல்லாமல் எந்த ரூட்டையும் ஓட்டமாட்டார்கள். ஆகவே அக்காவின் தாளில் சாப்பாட்டுக்கு ஸ்பேர், கோட்டைக்கு ஸ்பேர், ஒவ்வொரு பப்புக்கும் ஒரு ஸ்பேர் பப். "நாம நம்பிப் போற வண்டிதான் நடுரோட்டுல நிக்கும்" என்பார். நின்று பார்த்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் அக்கா கெடுபிடி. கறி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், நெய், தேன்கூடக் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் கன்றுக்குட்டிகளை ஏற்றி வந்த லாரி ஒன்று டிப்போ வாசலில் பழுதாகி, மத்தியானம் முழுக்க நின்றது. மூன்று மணி நேரம் அவை கத்தின. அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் டீ வந்தபோது, "பால் இல்லாம கொண்டாப்பா" என்றார். அவ்வளவுதான். ஆறு மாசத்தில் தெளிந்துவிடும் என்று வீட்டில் சொன்னார்கள், ஏதோ காய்ச்சல் மாதிரி.

சூப்பு முடிந்து இப்போது பீருக்கு வந்திருக்கிறார். சில இடங்களில் பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டார், இனி விடுவாரா? "உங்க பீப்பாயில மீன் இருக்கா, இல்லையா?" அந்தப் பக்கம் சிரிப்பு. "சிரிக்காதீங்க தம்பி, போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்." பப்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்லைங்கம்மா" என்கிறார், இப்போது மரியாதையாக. "பாட்டு எத்தனை மணிக்கு?" "எட்டு மணிக்கும்மா." "லேட்டாகாதே?"

பப் எதற்கு என்று தாடி டிரைவர் ஒருநாள் கேட்டார். அக்கா மழுப்பவில்லை. "அவரு போன பிறகு வீட்டுக்குப் போனா ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான்பா. எனக்கு மனுஷங்க சத்தம் வேணும். என்கிட்ட எந்த வேலையும் சொல்லாத மனுஷங்க சத்தம்."

டைம்கீப்பர் அறைச் சுவரில் வருஷ லீவு சார்ட் தொங்குகிறது. அதில் அக்காவின் வரிசையில் ஏழு கட்டங்களில் பென்சிலால் பெருக்கல் குறி; குறி போட்ட நாள் லீவு. முதல் வருஷம் குறித்த ஏழு நாளை மகளின் பிரசவத்துக்காக அழித்தார். அடுத்த வருஷம் அண்ணனின் முழங்கால் ஆபரேஷன். அதற்கடுத்தது, அண்ணன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் மேல் ஒரு கண் வைக்க ஆள் வேண்டுமாம்! சார்ட் வருஷா வருஷம் புதுசு. அழித்து அழித்து அந்த இடம் மட்டும் வெங்காயத் தோலாகிவிடும். "இந்த வருஷம் அண்ணன்கிட்ட பக்குவமா பேசுங்கக்கா. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று தாடி டிரைவர் புத்தி சொன்னார்.

"கறக்கிறதையே விட்டுட்டவ நான்" என்றார் அக்கா.

அந்த அண்ணன் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நேராக டிப்போவுக்கே வந்துவிட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரைப் பன்னிரண்டாம் நம்பர் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தங்கைக்குத் தலை பாதி நரைத்தும் அவர் வாயில் இன்னும் 'பாப்பா'தான்.

"பாப்பா, தனியா ஊர் சுத்தப் போறியாமே? அதுவும் பப்புக்கு!"

"ஒரு பப்பு இல்லண்ணா, ஏழு. ஸ்பேரும் சேத்தா பதினாலு."

பெஞ்சில் இருந்த தாடி டிரைவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"நீ குடிப்பியா?"

"இதுவரைக்கும் இல்ல. அங்க போய் உக்காந்து முடிவு பண்ணிக்கிறேன்."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த ஊர்ல நாலு பேருக்கும் என்னைத் தெரியாதுண்ணா. அதுக்குத்தானே போறேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தேனாக இறங்கியது. "சரி, போயேன், யாரு வேணாம்னா? அடுத்த மாசம் போ. நீ குறிச்சிருக்கிற அதே வாரம் நாங்க குடும்பத்தோட டூர் போறோம், டிக்கெட் போட்டாச்சு. நாயைப் பாத்துக்க நீதான் வரணும்."

கேட்டீர்களா கதையை! இவர் டூர் போக, அவர் தன் டூரை விட வேண்டும்; நடுவில் ஒரு நாய். அக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "உங்களுக்கு டூரு, எனக்கு நாயா?" என்றார்.

"குடும்பம்னா விட்டுக்கொடுக்கணும் பாப்பா" என்று சொல்லி, மேசையில் கிடந்த ரப்பரை அண்ணன் இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினார். சார்ட்டில் எதை அழிக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

அக்கா ரப்பரைத் தொடவில்லை. இழுப்பறையைத் திறந்து மூன்று சீட்டுகளை எடுத்தார். "நீங்க வருவீங்கன்னு தெரியும். எதுக்கு வருவீங்கன்னுதான் தெரியல. இது முழங்காலுக்கு, வீட்டுக்கே வந்து பாத்துக்கிற நர்ஸம்மா. இது பெயின்டுக்கு, கூடவே நிக்கிற மேஸ்திரி." மூன்றாவது சீட்டை அண்ணன் சட்டைப் பையில் அவரே செருகினார். "இது நாய் காப்பகம். உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. காலையிலயும் சாயங்காலமும் நடக்கக் கூட்டிட்டுப் போவாங்க. நேத்தே பேசிட்டேன், இடம் இருக்கு. இத்தனை வருஷமா உங்க எல்லாருக்கும் ஸ்பேர் வண்டி நான்தானே? இந்தத் தடவை எனக்கே ஒரு ஸ்பேர் பிடிச்சிட்டேன்."

பிறகு சார்ட்டுக்கு எதிரே போய் நின்று, பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, ஏழு கட்டத்திலும் அழுத்திப் பெருக்கல் குறி போட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் சுவரில் மை பட்டது அன்றுதான். தாடி டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போய்க் காரில் ஏறினார், ஏறியும் கிளம்பவில்லை. பின்னால் பன்னிரண்டாம் நம்பர் உள்ளே வர முடியாமல் நின்றது. அக்கா படியிறங்கி வந்தார். அண்ணன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாப்பா, எதுக்கும் ஒரு தடவை யோசிச்சு..." என்று ஆரம்பித்தார்.

அக்கா மணியைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்து, அண்ணன் முகத்துக்கு நேராக இரண்டு தடவை ஊதினார்.