பழி சொன்ன ரத்தச் சீட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டாவது முறையாக ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. தென்காசியில் எனக்கு வைத்தியம் பார்த்த லேடி டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிசல்ட் வந்த அன்று அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டார்: "உன் வீட்டுக்காரரு எங்க வேல பாக்காரு?"

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மானேஜர் என்றேன். சீசன் மூன்று மாதமும் அங்கேயே தங்கிவிடுவார் என்றும் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். இது தப்பான இடத்துக்குப் போகிறவர்களுக்கு வருகிற வியாதி, அவரிடமிருந்துதான் ஒட்டியிருக்கும் என்றார். ஊசி போட்ட நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள், நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு போட்டுவிட்டுக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். லாட்ஜுக்கு எதிரே ஒரு பழக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு மணி நேரம் சாரலில் நின்றேன். உள்ளே அவர் வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்தார், வாங்கினார். மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணிடம் சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் ரிசல்ட் சீட்டை அவர் மேசையில் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் ஒரு தப்பும் செய்யல. இப்பமே ரத்தம் குடுக்கேன், வா" என்றார். கொடுத்தார். அதில் ஒன்றுமில்லை என்று வந்தது.

அதன் பிறகு சந்தேகம் என் பக்கம் திரும்பியது. இன்ஸ்டிட்யூட் விடுகிற நேரத்துக்குச் சொல்லாமல் வந்து வாசலில் நிற்பார். என்னோடு படியிறங்குகிற ஆண்கள் ஒவ்வொருவரையும் பார்ப்பார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே, "எங்கிட்ட மறைக்கதுக்கு எதாவது இருக்கா?" என்றார். நான் எழுந்து போனேன்.

சில மாதங்களில் என் இடது கால் வீங்கியது. வெயிலில் போனால் கன்னம் சிவந்து தடித்தது. ரயிலேறித் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவர் பழைய சீட்டைப் படித்துவிட்டு வேறு சில பரிசோதனைகள் செய்தார். பிறகு எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார்.

தென்காசியில் முதலில் செய்தது கிருமியைத் தேடுகிற பரிசோதனையே அல்ல என்றார். மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்பை நம் ரத்தம் எதிர்க்கிறதா என்றுதான் அது பார்க்கிறதாம். அதற்கு உறவான கொழுப்புகளால்தான் நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வு ஆகியிருக்கிறது. என் உடம்பு அவற்றையே பகையாளியாக நினைக்கிறது. அதனால் ரத்தம் கட்டிப்போய்க் கால் வீங்குகிறது, கருவும் நிற்பதில்லை; கன்னம் தடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். "ரெண்டு பேர்லயும் குற்றம் இல்ல" என்றார், மலையாளம் இழையும் தமிழில்.

"அப்பம் அந்த வியாதி இவளுக்கு இல்லவே இல்லியா?" என்று இவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் டாக்டர் இல்லை என்றார்.

ரயிலிலேயே திரும்பினோம். புனலூர் தாண்டியதும், "ஒன்ன அப்படி நெனச்சிருக்கப்பிடாது" என்றார். நானும்தான் என்றேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று வெறும் ஆஸ்பிரின். அடுத்த முறை கரு நின்றது. எட்டாம் மாதமே மகள் பிறந்துவிட்டாள், எடை குறைவாக, ஆனால் நன்றாகக் கத்திக்கொண்டு. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வருஷம், அவர் வரத் தாமதமானால் நான் அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்ப்பார். அது எப்போது நின்றது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.