கொட்டாஞ்சேனைக் குழிக்குள் ஒரு கடற்கயிறு

போன செவ்வாய் மாமா தொலைபேசியில் சொன்ன செய்திக்காகத்தான் இந்தப் பயணம். "பிள்ளை, கக்கூஸ் குழி வெட்டப் பழங்காலத்துக் கிணத்துக் கயிறு வந்திருக்கு. படமெடுக்க வா." பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் நெட் கஃபேயில் தேடித்தேடி வாசிப்பது அகழாய்வுச் செய்திகளைத்தான். விடுவேனா?

வெள்ளவத்தையில் காலை எட்டரைக்கு பஸ். கோட்டையில் மாறவேண்டும். பத்து கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கிச் சோதித்ததால் ஒன்றரை மணித்தியாலம் ஆனது.

மாமா வீட்டு முற்றத்துத் தகரத்தில் ஒரு துண்டுக் கயிறு காய்ந்துகொண்டிருந்தது. ஈரமாக எதைக் கண்டாலும் வெயிலில் போடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். தொட்டேன். தேயிலைத் தூளாக உதிர்ந்தது. மற்றத் துண்டு இன்னும் குழிச் சேற்றில். மேசன் அதன் அடியில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்.

"எடுக்காதையுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

"அட, உனக்கு வாயும் இருக்கோ?" என்றார் மாமா.

"காயப்போடாட்டி நாறிப்போகுமே, பாப்பா," என்றார் மேசன்.

முகம் சுட்டது. ஆனாலும் சொன்னேன்: "சேத்துக்குள்ள காத்துப் போகேல்லை, அதாலதான் உக்கேல்லை. இப்ப தண்ணிதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கு. காஞ்சா இதுவும் தூள்தான்."

மாமா தகரத்தைப் பார்த்தார். பிறகு தன் குளிக்கிற பேசினைத் தானே தூக்கி வந்தார். கயிற்றைச் சேற்றோடு அள்ளி, தண்ணீரில் வைத்து, ஈரச்சாக்கால் மூடினோம்.

பக்கத்து வீட்டு நிலானி அக்கா தொல்லியல் படிப்பவர். மத்தியானம் வந்து, புரிகளை மெதுவாக விலக்கினார். உள்ளே அரிசியளவில் வெள்ளைச் சிப்பிகள்!

"மேக முஹுதே லணுவக்!" என்று சிங்களத்தில் துள்ளினார். கடல் கயிறாம். கிணற்றில் இந்தச் சிப்பி வளராது.

"அப்ப என்ர பழைய கிணறு?" என்றார் மாமா.

"போச்சு, அங்கிள்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காய்ந்திருந்தால் சிப்பியும் தூளோடு போயிருக்கும், நாங்களும் கிணற்றுக் கயிறென்றே நம்பியிருப்போம். வயது மட்டும் ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்கள், சோதனை இருப்பதால் அடையாள அட்டையை மறக்காதீர்கள், பின்னேரம் நான்குக்கு முன் திரும்புங்கள். சேற்றில் பழசாக ஏதாவது கண்டால் சேற்றோடு ஈரமாக வையுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் புறப்படும்போது மாமி அந்தத் தகரத்தில் மிளகாய் பரப்ப வந்தார். மாமா கத்தினார்: "பொறும்! முதல்ல இவளைக் கேளும்!"