குதிரையின் இடப்பக்கம்

கால்நடை அலுவலகத்தில் அவளுக்குச் சுழி அக்கா என்றுதான் பெயர். ஒவ்வொரு குதிரையின் நெற்றிச் சுழியையும் கால் வெள்ளையையும் பார்த்து அடையாளப் படிவத்தில் வரைவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. மனுஷ முகம் மறந்துபோகும், குதிரை முகம் மறக்காது. ஒரு கல்யாணத்தில் சொந்தப் பெரியப்பா மகனையே யாரென்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

இப்போது எல்லாக் குதிரைக்கும் கழுத்தில் சிப் வைத்து, கணினியில் எண் கொடுக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு. நல்ல காரியம்தான், இனி திருட்டுக் குதிரையை ஒளிக்க முடியாது என்று அவளே சொல்வாள். ஆனால் பழைய படிவத்தோடு குதிரை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விசாரணை முடியும்வரை அரசாங்கக் கொட்டில்தான்.

கடைசி நாள் மதியம் வண்டிக்காரர் தன் பெட்டைக் குதிரையைக் கூட்டிவந்தார். அதற்குப் பத்தொன்பது வயது. புதிதாக வந்திருந்த டாக்டர் கணினித் திரையில் இருந்த பழைய படிவத்தையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியவரே, வலது பின்னங்கால்ல வெள்ளைன்னு போட்டிருக்கு. இதுக்கு இடது கால்ல இருக்கு. இது வேற குதிரைங்க."

"என்ன சார், தலைல குண்டைத் தூக்கிப் போடுறீங்க! என் வீட்லயே பொறந்தது சார். நான் வைக்காம தண்ணிகூடக் குடிக்காது. கொட்டில்ல விட்டா ஒரு வாரம் தாங்காது."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் வரைந்த கோடுதான். கீழே 'குதிரையைப் பிடித்தவர்' என்ற இடத்தில் சாய்வாக ஒரு கையெழுத்து. அதன்மேல் விரலை வைத்தாள்.

அதை வரைந்த அன்று மழை விட்டிருந்த காலை. மூன்று மாதக் குட்டி, ஓரிடத்தில் நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த புதுக் கம்பவுண்டரும் அதோடு சேர்ந்து துள்ளிக்கொண்டிருந்தார். "குட்டியை வரைங்க, என்னை இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே. "ஆசையைப் பாரு!" என்று வெடுக்கென்று சொன்னாள். அடுத்த வருடம் அவரையே கட்டிக்கொண்டாள். அவர் போய் மூன்று வருடமாகிறது. அந்தக் காலை இன்னொரு தரம் கிடைக்குமென்றால் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

குதிரையின் இடதைத்தான் எழுத வேண்டும், நம் இடதை அல்ல. எதிரே நின்று வரைந்தால் மாறிவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே கற்றது அது. அன்று அவள் எதிரேதான், அவர் முகத்துக்கு நேராக நின்றிருந்தாள்.

"குதிரை சரிதான் சார். நான்தான் மாத்தி வரைஞ்சிட்டேன்."

"அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க. எழுதிக் கொடுத்தா சர்வீஸ் புக்ல ஏறிடும். புரமோஷன் லிஸ்ட் வேற வரப்போகுது."

"ஏறட்டும் சார். அந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணுச்சு?"

தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குதிரையின் கழுத்தில் சிப் ஏறியது. வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டருக்குத்தான் கவலை தீரவில்லை. "இதே மாதிரி இன்னும் எத்தனை மாறியிருக்குன்னு மேல கேப்பாங்களே அக்கா. நீங்க வரைஞ்சது எல்லாத்தையும் திரும்பப் பாக்கணுமா?"

"வேண்டாம் சார்" என்றாள். "அன்னிக்கு ஒரு நாள்தான் நான் குதிரையைப் பாக்கல."