மேல்கொடியில் காய்ந்த பட்டு

வேலம்மா கை பட்டுத்தான் ஒரு ராஜ்யம் அழிந்தது என்கிறீர்களே, ரங்கூனில் அவள் வெளுத்துக் கொடுத்த மற்ற வீடுகளெல்லாம் ஏன் அழியவில்லை? முதலில் அதைச் சொல்லுங்கள். நம் பபேடான் பேட்டையில் டீக்கடை போட்டிருக்கிற சபாபதி ஒரு கதை கட்டுவான், நீங்கள் அதையும் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டு வருவீர்கள். அவள் சூனியம் வைத்தாளாம். யாரிடமோ கைக்கூலி வாங்கினாளாம். கொடியில் துணி போட்டாள், அது உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கொழுப்பு. அவள் என் பக்கத்து அறைக்காரி. நடந்ததைச் சொன்னது என்னிடம்தான்.

அவள் புருஷன் அப்பாசாமி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். மழையில் பலகை வழுக்கி ஆற்றில் விழுந்தவன் மேலே வரவேயில்லை. அதற்குப் பிறகு வேலம்மா வீடு வீடாகப் போய்த் துணி வெளுத்தாள். வேல்ஸ் இளவரசர் ரங்கூனுக்கு வந்து போனாரே, அந்த வருஷம் மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஏரிக்கரையில் ஒரு பெரிய மரவீட்டில் அவளுக்கு அங்கேயே தங்கிச் செய்கிற நிலையான வேலை கிடைத்தது.

அது ஒரு ராஜா வீடு. ஷான் மலையில் மோங்லேன் என்று ஒரு நாடு. நாடு என்றால் ரொம்பச் சின்னது. ஒரு பள்ளத்தாக்கு, ஒரு சந்தை, கொஞ்சம் தேயிலை, தேக்கில் கட்டிய அரண்மனை, அவ்வளவுதான். அந்த ஊர் அரசரைச் சோப்வா என்பார்கள். மோங்லேனைப் பக்கத்துப் பெரிய நாட்டோடு சேர்த்துவிட வெள்ளைக்காரத் துரைமார் நினைத்தார்கள். கூடாது என்று வாதாடத்தான் சோப்வா தாயாரையும் ராணியையும் அழைத்துக்கொண்டு ரங்கூனுக்கு வந்திருக்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். வேலம்மாவும் நம்பினாள். தினமும் அவர் மோட்டாரில் ஏறும்போது, இன்றைக்காவது துரைமார் மனசு இளகட்டும் என்று கும்பிட்டுக்கொள்வாள்.

நல்ல மனுஷர். மலைக்காரரானாலும் மழை ஈரம் அவருக்கு ஆகாது. கொல்லைக் கொட்டகையில் அவள் இஸ்திரி போடும்போது கரிப்பெட்டிச் சூட்டில் கை காய்ச்ச வந்து நிற்பார். அவளை ‘அமா’ என்பார், பர்மாக்காரர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் தன் உடைந்த பர்மாப் பேச்சுக்கு நடுவிலும் அவரை ‘ராசா’ என்பாள்.

ஆவணி மழை விடாமல் கொட்டிய ஒரு நாள். வெளியே எதையும் காயப்போட வழியில்லை. மோட்டார் வந்து நிற்கும் முன்வாசல் கூரைக்கடியில் மேலும் கீழுமாக இரண்டு கொடி கட்டினாள். ஆண்கள் துணியைக் கீழே போட்டாள். ராணியின் பட்டுத் தமெயினை, அதுதான் அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி, கோலால் தூக்கி மேல்கொடியில் போட்டாள். பட்டென்றால் யார் கையும் படாமல் உயரத்தில் காய வேண்டும். அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான். மரியாதைக்காகச் செய்தாள் பாவி.

சோப்வா வந்தார், துணியை விலக்கிக்கொண்டு குனிந்து போனார், மோட்டாரில் ஏறினார். மாடிப்படியில் நின்ற தாயார் போட்ட கூச்சலில் வேலம்மாவின் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது. ஏதோ பாம்பு என்றுதான் நினைத்தாள்.

சமையல்காரி மா ட்வே அவளை இழுத்துக்கொண்டு போனாள். “என்னடி பண்ணித் தொலைச்சே? பொம்பளை இடுப்புத்துணிக்குக் கீழே ஆம்பளை தலை போகலாமா? தலையில இருக்கிற மகிமையெல்லாம் போயிடுமே. அதுவும் ராஜா தலை.”

“எனக்குத் தெரியாதே அக்கா.”

“தெரியாம மிதிச்சா நெருப்பு சுடாதா?”

சாயங்காலம் சோப்வா திரும்பி வந்து, துரைமார் பக்கத்து நாட்டோடு சேர்த்துவிட்டார்கள், மோங்லேன் போய்விட்டது என்றார். தாயார் படுத்த படுக்கையானாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் வேலம்மா கையில் ஒரு துணி கொடுக்கவில்லை. நாடு எப்படிப் போயிற்று என்று கேட்க மோங்லேன் ஊர்ப் பெரியவர்கள் ரயிலேறிவிட்டார்கள் என்று சேதி வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உப்பைத் தின்ற வீட்டை என் கையாலேயே கவிழ்த்துவிட்டேனே என்று உட்கார்ந்த இடத்திலேயே கிடந்தாள்.

பெரியவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் சோப்வா கொட்டகைக்கு வந்தார்.

“கரி அணைஞ்சு போச்சே, அமா.”

“துணி யாரு குடுக்கிறா ராசா, பத்தவெக்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உன் கொடியால ஒண்ணும் போகலை. நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் சரின்னு சொல்லிட்டேன். இளவரசர் வந்திருந்த சமயம். பென்ஷனும் இந்த வீடும் தர்றதாச் சொன்னாங்க. அந்தப் பள்ளத்தாக்குல என்னால இருக்க முடியலை.”

வேலம்மா கேட்டாள்: “அப்ப தினமும் மோட்டார்ல போனது?”

“குதிரைப் பந்தயத்துக்கு.”

அவள் அணைந்த பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். கும்பிட்ட கும்பிடெல்லாம் குதிரைக்கா போயிற்று என்றுதான் முதலில் தோன்றியதாம். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“நாளைக்கு அவங்க முன்னாடி விழுந்து, என் கையாலதான் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அழுதுட்டு ஊருக்குப் போயிடுவாங்க. உன்னைக் கடைசிவரைக்கும் இங்கேயே வெச்சுக் காப்பாத்தறேன்” என்றார் சோப்வா.

அப்படிச் சொல்லிவிட்டால் ரங்கூனில் எந்தப் பர்மா வீட்டிலும் அவளுக்கு வேலை கிடையாது, செத்தாலும் பேர் மாறாது. சொல்லாவிட்டால் இந்தக் கூரை கிடையாது. ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல. தினமும் பக்கத்தில் நின்று கை காய்ச்சியவர் இதை எப்படி வாய்கூசாமல் கேட்டார் என்பதுதான்.

மறுநாள் கூடத்தில் பெரியவர்கள் தலைப்பாகையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசருக்கென்று தேயிலைக் கூடை கொண்டு வந்திருந்தார்கள். சோப்வாவும் தாயாரும் நாற்காலியில் இருந்தார்கள். எல்லாருக்கும் மூத்தவர், கால் முழுக்கப் பச்சை குத்தியவர், அதட்டாமல் கேட்டார்: “நீதானாம்மா?”

வேலம்மா விழவில்லை. நின்றபடி சொன்னாள்: “துணியைப் போட்டது நான்தான், பெரியவரே. உங்க வழக்கம் தெரியாம போட்டேன், அதுக்கு மன்னிப்பு கேக்கிறேன். நாடு எப்படிப் போச்சுன்னு நாற்காலியில இருக்கிறவங்களைக் கேளுங்க. நான் துணி வெளுக்கிறவ.”

சோப்வா தரையைப் பார்த்தார். மூத்தவர் மெதுவாகத் திரும்பி, சோப்வாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

வேலைக்காரர்கள் போவது பின்கட்டு வழி. வேலம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூடத்தைக் கடந்து முன்வாசலில் இறங்கினாள். கொடி கட்டியிருந்த கயிறு இரண்டும் அவள் பபேடானிலிருந்து கொண்டு வந்தவை. மேலே இருந்ததை எக்கி அவிழ்த்தாள், கீழே இருந்ததையும் அவிழ்த்தாள். இரண்டையும் சேர்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.