அண்ணியின் டிவிக்கு மூன்று பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பூதலூருக்குப் போயிருந்தேன். அண்ணன் வீட்டு டிவியில் என் லேப்டாப் படத்தை வரவழைக்க வேண்டும் — அவ்வளவுதான் வேலை. சட்டென்று முடித்துவிட்டு, புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிடலாம் என்று திட்டம்.

என் திட்டம் எப்போது நடந்திருக்கிறது?

விஷயம் இதுதான். அண்ணன் மகள் மீனாவுக்கு தோஹாவில் வளைகாப்பு. தலைப்பிரசவம். அண்ணிக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னோம். அண்ணிக்கோ கண்ணில் புரை...

"போன்ல பாத்தா புள்ள எறும்பு மாதிரி தெரியுறா தம்பி. வயிறு எவ்வளவு தள்ளியிருக்குன்னுகூடத் தெரியல. நம்ம டிவியில தெரியுற மாதிரி பண்ணிக் குடுங்களேன்."

நம்ம டிவி என்றால், முதுகு பெருத்த அந்தக் காலத்துப் பெட்டி. அண்ணியின் கல்யாணச் சீரோடு வந்தது. மாற்றிவிடலாம் என்று அண்ணன் வாயெடுத்தால் போதும். "நானும் அதோட வந்தவதான். என்னையும் சேத்து மாத்திடுங்க."

லேப்டாப்பிலேயே பார்க்கலாமே என்கிறீர்களா? தெருப் பெண்கள் அத்தனை பேரையும் அண்ணி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார். கூடத்தில் பாய் விரித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கத் தட்டு நிறையக் கண்ணாடி வளையல். ஒரு லேப்டாப்பை எத்தனை பேர் எட்டிப் பார்ப்பது? அதிலும் அண்ணிக்கு முகம் சரியாகத் தெரியாது.

என் லேப்டாப்பில் இருப்பது எச்.டி.எம்.ஐ. என்ற ஒற்றை ஓட்டை. அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். தஞ்சாவூரில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு போனேன். தீப்பெட்டி அளவுதான். ஆனால் அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டுமாம்!

டிவி சுவர் அலமாரிக்குள் அடைந்து கிடக்கிறது. பின்னால் கை நுழையாது. நல்லவேளை, முன்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள்ளும் அதே மூன்று ஓட்டைகள் இருந்தன. மங்கல் வெளிச்சம். மூக்குக்கண்ணாடியையும் என் வீட்டிலேயே மறந்துவிட்டேன். கன்வெர்ட்டர் கேபிளின் வெள்ளை பின் உள்ளே போனது. சிவப்பு கொஞ்சம் முனகிவிட்டுப் போனது. மஞ்சள் பாதியில் நின்றது. பழைய பெட்டிதானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

லேப்டாப்பில் வீடியோ கால் போட்டதும் டிவியிலிருந்து மீனாவின் குரல் கணீரென்று வந்தது.

"அம்மா... என்னத் தெரியுதாம்மா?"

திரை முழுக்க நீலம்.

"சத்தம் கேக்குதுடி. நீதான் தெரியல" என்றார் அண்ணி. வந்தவர்களுக்காகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கை மட்டும் அந்த நீலத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"கேபிளே டூப்ளிகேட்டா இருக்கும்டா. உன் தலையில கட்டிட்டான்" என்றான் அண்ணன். உதவி!

அங்கே சம்பந்தியம்மாவின் குரல். "நல்ல நேரம் முடியப்போவுது... ஆரம்பிச்சிடலாமா?"

"அம்மா பாக்காம நான் வளையல் போட்டுக்க மாட்டேன்" என்றாள் மீனா. அவள் அப்பனைப் போல இல்லை. அசல் அம்மா பெண்.

லேப்டாப்பில் என்னென்னவோ தட்டிப் பார்த்தேன். பலனில்லை. கடைசியில் பின்களை உருவிவிட்டு, போன் டார்ச்சை அடித்து, ஓட்டைகளை உற்றுப் பார்த்தேன். மஞ்சள் ஓட்டைக்குள் ஏதோ கல்லாக இறுகிக் கிடந்தது. சிவப்பின் விளிம்பெல்லாம் செக்கச்செவேல். வெள்ளையில் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

"அண்ணி... இதென்ன?"

அண்ணி குனிந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு தம்பி. மஞ்சளுக்குச் சந்தனம், செவப்புக்குக் குங்குமம், வெள்ளைக்குத் திருநீறு... வருசா வருசம் வைப்பேன். பொட்டு வைக்கத்தான் கலர் கலரா எடம் விட்ருக்கான்னு நெனச்சேன்!"

யாரைக் குற்றம் சொல்ல? டிராக்டர், பம்புசெட், அரிவாள்மணை என்று நமக்கு உழைக்கிற எதையும் நாம் பொட்டில்லாமல் விட்டதில்லை. மேனுவலைப் படித்தவர் நம்மில் யார்?

பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணி தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். பல வருஷத்துச் சந்தனம் துளித்துளியாக உதிர்ந்தது. உதிர்ந்தும் மணந்தது!

மறுபடி மாட்டினேன். இந்த முறை மஞ்சள் பின் 'டக்'கென்று உட்கார்ந்தது.

மீனா வந்தாள். பச்சைப் பட்டு, மேடிட்ட வயிறு, திரை நிறைந்த முகம். கொஞ்சம் மங்கல்தான். ஓரங்கள் வெட்டுப்பட்டதில் சம்பந்தியம்மா பாதிதான் தெரிந்தார். அண்ணி அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

"எம் பொண்ணு..." என்றார் அண்ணி. கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்டு, கண்ணாடித் திரையில் மகளின் இரண்டு கன்னத்திலும் தடவினார். அங்கே யாரோ முதல் வளையலை மாட்டினார்கள். இங்கே கூடமே குலவையிட்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவசரமாக மோட்டார் போடப் போனான். கரண்டே அப்போதுதான் வந்ததாம்... டிவி எதில் ஓடியது என்று நான் கேட்கவில்லை.

இன்று இந்தப் பத்தியை எழுத லேப்டாப்பைத் திறக்கப் போனேன். மூடி நடுவில் ஒரு சந்தனப் பொட்டு — நல்லவேளை, ஓட்டையில் இல்லை!