பிரியதர்ஷினியின் பாகம்

மாதேஸ்வரனுக்கு நின்றுகொண்டே கனவு காண வரும். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவன். மெஷினைக் குளிர்விக்கப் பால்போல் வழியும் கூலன்ட்டைப் பார்த்தபடியே எங்கேயோ போய்விடுவான். திரும்பி வரும்போது கை தன்பாட்டுக்கு நாலு பீஸ் முடித்து வைத்திருக்கும். ஒரு பீஸும் ரிஜெக்ட் ஆவதில்லை என்பதால் சூப்பர்வைசரும் கண்டுகொள்வதில்லை. முப்பத்து நாலு வயதுவரை இந்தக் கனவுகளால் யாருக்கும் ஒரு சேதமும் வந்ததில்லை. சேதம் 2008 ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்ப்யூட்டர் வழியாக வந்தது.

அது பெங்களூரில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர். கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊரில், மாதேஸ்வரன் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதைச் சரிபண்ணிக் கொடுத்தவன் சுடலைமுத்து. அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், மாதேஸ்வரனைவிட எட்டு வயது இளையவன். "டிஸ்க்கை எத்தனை பார்ட்டிஷனாப் போடணும் அண்ணாச்சி?" என்று அவன் கேட்ட நேரத்தில் மாதேஸ்வரனின் மனைவி பிரியதர்ஷினி டீயோடு வந்தாள். டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது.

"பார்ட்டிஷன்னா பாகம் பிரிக்கிறதா? அப்ப அதுல எனக்கொரு பாகம் உண்டா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். சுடலைமுத்து சிரிக்கவில்லை. "குடுத்துட்டாப் போச்சு மதினி" என்று டிஸ்க்கை மூன்றாகப் பிரித்தான். முதல் பாகம் விண்டோஸுக்கு. இரண்டாவது பிரியதர்ஷினிக்கு. மூன்றாவது, மாதேஸ்வரன் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டம் பழகுவதற்கு. ஆளுக்குப் பன்னிரண்டு ஜிபி. இரண்டாவது பாகத்துக்கு அவள் பெயரையே இங்கிலீஷில் அடித்து வைத்துவிட்டுப் போனான்.

பிரியதர்ஷினி போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டில் ஆறு ஏக்கர் மாந்தோப்பும் கிணறும் உண்டு. அப்பா போன மறுவருஷம் அண்ணன்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டபோது, ரிஜிஸ்டர் ஆபீசில் தனக்கு எதுவும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு திரும்பி வந்தாள். "போட்டுக் குடுத்துட்டு வா, கூடப் பொறந்தவங்களோட எதுக்குப் பொல்லாப்பு" என்று சொல்லி அனுப்பியவன் மாதேஸ்வரன்தான். அதன்பிறகு அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆம்பளைகளுக்கு அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்தபிறகு, மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அவள் தன் பாகத்தைத் திறந்து உட்காருவாள். ஷிஃப்ட் முடிந்து இவன் உள்ளே வந்தால் மூடிவிடுவாள். "உள்ள என்னா இருக்குது?" என்று கேட்டால், "அது என்னுது" என்பாள். அவ்வளவுதான் பதில். அவனும் தோண்டித் துருவியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வந்த புது லினக்ஸ் சிடி கையில் இருந்தது. தன் பாகத்தை அழித்துவிட்டு அதில் புதிதாகப் போட வேண்டும். சிடியில் இருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, பார்ட்டிஷன் பட்டியலைத் திறந்தான். முதலாவது விண்டோஸ், இரண்டாவது அவளுடையது, மூன்றாவது தன்னுடையது. திரையில் நாலு வரி இருந்தது. மூன்று பாகத்துக்கு நாலு வரி எப்படி வரும் என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஆடித் தூறல். சானமாவு காட்டுப் பக்கம் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதற்குள்ளே எங்கேயாவது யானைகள் நனைந்துகொண்டு நிற்குமா என்று மனசு அங்கே போய்விட்டது. கை வழக்கம்போல் தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூன்றாவது வரியைத் தொட்டு, அழி என்றது. நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கும் ஆமாம் என்றது.

இரண்டாவது வரி பாகமே இல்லை. அவளுடையதையும் அவனுடையதையும் சேர்த்து வளைத்த வெளிவேலி அது. அதையும் ஒன்றென்று எண்ணியதால் மூன்றாவதாக நின்றது அவளுடையது. பக்கத்திலேயே பிரியதர்ஷினி என்று எழுதியும் இருந்தது. மனுஷன் வரியை எண்ணினானே தவிர, வாசிக்கவில்லை.

பட்டியலில் அவள் பெயரைக் காணோம் என்றதும்தான் யானைகளை விட்டுவிட்டு ஓடி வந்தான். சிடியை எடுத்துவிட்டுத் திரும்ப ஆன் பண்ணினான். கறுப்புத் திரையில் 'எரர் 22' என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை.

மறைக்கத் தெரிந்தவனாக இருந்தால் மறைத்திருப்பான். "பிரியா, உன் பாகத்த அழிச்சிட்டன்" என்று சமையலறை வாசலில் போய் நின்று சொல்லிவிட்டான். அவள் அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். அப்பா செத்த அன்றுகூட நாலுபேர் எதிரில் அழாதவள், வாய்விட்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மா ஓடி வந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், வெளியே வந்தால் எல்லாம் கலந்து பேசுவாள். "ஏனாய்த்து மாதேசா? பொண்ணு இப்படி அழுவுது?"

"என் பாகத்த அழிச்சிட்டாருக்கா" என்றாள் பிரியதர்ஷினி, முந்தானைக்குள்ளிருந்து.

"ஐயையோ! போச்சம்பள்ளி நெலத்தையா? அத எப்ப எழுதி வாங்கின நீ, மாதேசா?"

மாதேஸ்வரன் டிஸ்க், பார்ட்டிஷன் என்று ஏதேதோ விளக்கப் பார்த்தான். பார்ட்டிஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் நஞ்சம்மாவுக்குச் சந்தேகமே தீர்ந்துபோயிற்று. சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேர், பொண்டாட்டி சொத்தில் கைவைக்காதே என்று அவனுக்குப் புத்தி சொன்னார்கள்.

சுடலைமுத்து சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தான். போனில் கூப்பிட்டால் பின்னால் மேளச் சத்தம். கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, எண்ணுனிய, வாசிக்கலையா?"

"வாசிக்கல சுடலை. வழி இருக்குதா, இல்லியா?"

"இருக்கு. இனிமே அந்த டிஸ்க்குல ஒண்ணும் எழுதிராதிய. நீங்க வரப்பத்தான் அழிச்சிருக்கிய, மண்ணு அங்கனதான் கெடக்கும். டெஸ்ட்டிஸ்க்னு ஒரு சாமான் இருக்கு, நெட்டுல எறக்குங்க. ஒன்றரை எம்பிதான். வரப்பு எங்க ஓடுச்சுன்னு அதே தேடிக் கண்டுபிடிச்சிரும்."

ஒன்றரை எம்பிதான் என்று திருநெல்வேலியில் இருந்துகொண்டு சொல்லிவிடலாம். இங்கே வீட்டில் இருந்த நெட் என்பது மாதேஸ்வரனின் செல்போன் மட்டும்தான். அந்த போனுக்கோ தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று ஒரு நிச்சயமில்லை. கூடத்தில் வைத்தால் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காட்டும். ரோமிங்கில் நெட் வராது. வாசலிலும் அதே கதி. தமிழ்நாட்டு டவர் கிடைப்பது வீட்டுக்குள் ஒரே ஓர் இடத்தில், சமையலறை ஜன்னலில். அங்கேதான் அவள் இருந்தாள். தட்டில் சோறு வந்தது, சொம்பில் தண்ணீர் வந்தது. ஒரு சொல் வரவில்லை. அந்த ஜன்னலில் போய் நிற்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியவன், நேராக அணைக்கரைக்கு நடந்தான். அங்கே டவர் நன்றாகக் கிடைக்கும். ஒரு கல்லில் உட்கார்ந்து போனைக் கையில் ஏந்திக்கொண்டான். ஒரு சதவீதம். இரண்டு. தண்ணீரின்மேல் தூறல் புள்ளி வைத்துக்கொண்டே போனது. எது நீர், எது வானம் என்று பிரிக்க முடியாத ஒரு சாம்பல் நிறம். அதைப் பார்க்கப் பார்க்க, அந்தப் பன்னிரண்டு ஜிபிக்குள் என்னதான் இருந்திருக்கும் என்று மனசு மெல்ல உள்ளே இறங்கிவிட்டது. போட்டோக்களா? பாட்டுகளா? கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கவிதைப் போட்டியில் கப் வாங்கியவள். அதுமாதிரி ஏதாவது எழுதினாளா? நீலக்கலரில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று எப்போதோ சொன்னாளே, அதை வரைந்து வைத்திருந்தாளா? தன்னைப் பற்றிய புகாராகக்கூட இருக்கலாம். கல்யாணமான பதினோரு வருஷத்துப் புகாரை எழுதினால் பன்னிரண்டு ஜிபி போதுமா என்று கணக்குப் போட்டான். தண்ணீருக்கு அடியில் அவள் அறை அறையாக நடந்துபோவது போலவும், ஒவ்வோர் அறையிலும் தன்னால் வாசிக்க முடியாத எழுத்து நிரம்பியிருப்பது போலவும் தோன்றிற்று. கூடவே வாழ்ந்தும் ஒரு அறையைக்கூடப் பார்த்ததில்லையே என்று வருத்தமாக இருந்தது.

எண்பத்தொன்று என்று காட்டும்போது போன் அடித்தது. சூப்பர்வைசர் நாராயணப்பன். டூல் பீரோ சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டார். சொல்லிவிட்டுப் பார்த்தால் எண்பத்தொன்றைக் காணோம். மறுபடி பூஜ்யம். அதோடு பேட்டரியும் உயிரை விட்டது.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அணைக்குப் போக வழியில்லை. மத்தியானம் மாதேஸ்வரன் போனோடு சமையலறைக்குள் போனான். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்க்கவில்லை. போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றான். மழைச் சத்தமும் அவரைத்தோல் உரியும் சத்தமும் தவிர வேறில்லை. முப்பது. நாற்பத்தைந்து. போன் மெல்லச் சறுக்கிற்று. அவன் கை போவதற்குள் அவள் எழுந்துவந்து மிளகாய்ப்பொடி டப்பாவை அதற்கு முட்டுக் கொடுத்தாள். திரும்பிப் போய் உட்காரவில்லை. அங்கேயே நின்று அவளும் பார்த்தாள்.

"இது வந்தா வந்துருமா?" மூன்று நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"வந்துரும்னு சுடலை சொன்னான்."

நூறு ஆனபோது, அதற்குமுன் எப்போது இவ்வளவு நேரம் இருவரும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை. உள்ளுக்குள் ஏனோ சந்தோஷமாக இருந்தது, பயத்துக்கு நடுவிலும்.

சிடியில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, போனிலிருந்ததைக் கேபிளில் உள்ளே எடுத்து ஓட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடின. இந்த முறை யானை, மேகம் எதுவும் கிட்டே வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, வாய் அசைத்து வாசித்தான். ஓடிக்கொண்டிருந்த எண்கள் ஓரிடத்தில் நின்றன. கண்டுபிடித்த பாகங்களின் வரிசை வந்தது. அதில் ஒன்றின்மேல் அம்புக்குறியை வைத்ததும் கீழே இங்கிலீஷில் அவள் பெயர் தெரிந்தது. மாதேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுது என்று கட்டளை கொடுத்து, சிடியை எடுத்து, மறுபடி ஆன் பண்ணினான். எரர் வரவில்லை. விண்டோஸ் வந்தது.

"நீயே தெற" என்று மவுஸை அவள் பக்கம் தள்ளினான். அடுத்தவர் பெட்டியைத் திறக்கும்போது பார்க்கக் கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டு தட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

தாங்க முடியாமல் திரும்பினான். திரையில் வெறும் வெள்ளை. ஒரு ஃபைல் இல்லை, ஒரு படம் இல்லை.

"போச்சா?" என்றான். "உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சா பிரியா? சுடலைக்கு இன்னொரு தடவ போன் போடறன், இரு..."

"ஒண்ணும் போவுல. எல்லாம் அப்படியேதான் இருக்குது."

"எங்க இருக்குது? ஒண்ணுமே இல்லியே!"

"உள்ள எப்பவும் ஒண்ணும் இருந்ததில்ல."

மாதேஸ்வரன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒண்ணுமில்லாததுக்கா அப்படி அழுத?"

"ஏங்க, தரிசாக் கெடந்தா அது நெலமில்லன்னு ஆயிடுமா?" அவள் சத்தம் போடவில்லை. "என் பேரு போட்டிருந்துச்சு. வேற எதுல போட்டிருக்குது, சொல்லுங்க."

அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். டிவி, பீரோ, வாசலில் நிற்கும் பைக், சுவரில் மாட்டிய கரண்டு அட்டை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். இந்த முறை வாசித்தும் பார்த்தான். எதிலும் அவள் பெயர் இல்லை. உள்ளே இருந்தது அழிந்துபோனதற்குத்தான் அவள் அழுதாள் என்று மூன்று நாளாக நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று வெட்கமாக இருந்தது.

"அதுல என்னா வெக்கப் போற?" என்றான் கடைசியில்.

"அத இன்னும் யோசிக்கல. மொதல்ல நீங்க எந்திரிங்க, நான் உக்காரணும்."

அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. மாதேஸ்வரன் எழுந்தான்.