பேனலில் இருநூறு, உள்ளே நூறு

டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டோம் என்று நவி மும்பை வாஷியில் உள்ள சர்வர் கம்பெனி போன வாரம் எனக்குச் சொன்னது பொய்.

அவர்களுடைய பேனலில், அதாவது கணக்கு காட்டும் இணையப் பக்கத்தில், இருநூறு ஜிபி காட்டுகிறது. இன்று காலை அவர்களிடம் வாடகைக்கு எடுத்த எங்கள் மெஷினுக்குள் போய்ப் பார்த்தேன். அதே பழைய நூறுதான், நிரம்பிக் கிடக்கிறது. இந்த வாரம் தாராவியில் ஸ்கேன் செய்த நாற்பது வீட்டு ரேஷன் கார்டுகளில் ஒன்றுகூட அதில் பதியவில்லை. குடிசைகளை இடித்துக் கட்டும் திட்டத்தில் வீடு கிடைக்க, சர்வேயில் அந்தக் கார்டுதான் ஆதாரம். சர்வருக்கு அனுப்பியதும் லேப்டாப்பில் உள்ள ஸ்கேனை அழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான்.

"அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. பேனல்ல இருநூறு இருக்கே."

"சர்வேக்காரன்கிட்ட ஒம்ம பேனலையா காட்டச் சொல்லுதீரு?"

"டிஸ்க்கு மட்டும்தான் நாங்க. உள்ள அதைப் பிரிச்சு வச்சிருக்கிற பார்ட்டிஷனை நீங்கதான் பெருசாக்கணும், அங்கிள்."

அதை அன்றைக்கே சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

போனை வைத்தால் எங்கள் செம்பூர் ஆபீஸ் வாசலில் தாராவி செல்வி, அந்த நாற்பது வீட்டில் ஒருத்தி. "அண்ணாச்சி, எங்க கார்டு கம்ப்யூட்டர்ல இருக்குல்லா? மழைத்தண்ணி ஏறி அசலு கூழாப் போச்சு."

"பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

பார்ட்டிஷனை நான் இன்றே விரிக்கிறேன். அந்த லேப்டாப்பை யாரும் தொடக்கூடாது; தொட்டால் அழித்த ஸ்கேன்களின் மேல் வேறு ஏதாவது எழுதிவிடும். அழித்ததை மீட்கத் தெரிந்தவர் உடனே செம்பூர் வரவேண்டும். மற்ற முப்பத்தொன்பது வீட்டாரும் அசலோடு வாருங்கள். கம்பெனி தன் தவறை எழுதித் தரவேண்டும்.

செல்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பேனலில் சரியாக இருக்கிறது என்று மட்டும் எழுதவேண்டாம்.